ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கூட்டம் காலை 9 மணிக்கு. மழை முந்தின இரவே வந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது.

மழை விட்ட காலையில் கேமரன் மலையின் கம்போங் ராஜாவைப் பார்த்திருக்கிறீர்களா? தெலோம் ஆறு தே தாரிக் நிறத்தில் ஓடும். நுரைகூட உண்டு; சீனி ஒன்றுதான் குறை. சாலை வளைவில் சிவப்பு மண் பாய் விரித்துப் படுத்திருக்கும். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி அதன்மேல் நிறைமாதக்காரி போல அடி பார்த்து அடி வைத்து இறங்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு பெரியம்மா, வாசலேறிய சேற்றைத் தகரத் துண்டால் வழித்துக்கொண்டிருப்பார். அந்தச் சேற்றுக்கு எந்த ஒதுக்கீடும் கிடையாது. குத்தகையாளரும் அவரே, மேற்பார்வையும் அவரே, கூலியும் அவரே.

அதே நேரத்தில், மலைக் குளிருக்கு மேல் குளிர்சாதனமும் ஓடுகிற ஓர் அறையில் இலாகாத் தலைவர்கள் கூடுகிறார்கள்.

எந்த அறை, எந்தத் தேதி, யார் தலைமை என்று கேட்காதீர்கள். மலேசியாவில் மாவட்டம் தவறாமல் இப்படி ஒரு கூட்டம் உண்டு. வந்த பணம் இவ்வளவு, செய்த வேலை இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று தலைவர்கள் வரிசையாக எழுந்து ஒப்பிப்பார்கள். என்னை அதற்குள் விட்டதில்லை. விடும்படி நான் யாருக்கும் சேவை செய்ததும் இல்லை. ஆகவே கீழே வரும் கூட்டம் முழுக்க என் கற்பனை. அதில் வரும் மண் மட்டும் அசல்.

முதல் ஐந்து நிமிடம் விளிப்புக்கு. டத்தோ ஸ்ரீ, டத்தோ, துவான், புவான் என்று படிநிலை பிசகாமல் இறங்கி வருவதற்குள் தே தாரிக் ஆறிவிடும். அடுத்து, போன கூட்டத்தின் குறிப்பை ஏற்பது. ஒருவர் முன்மொழிவார். வழிமொழிபவர் கையிலுள்ள கறிபாப்பை வைத்துவிட்டுக் கையைத் தூக்குவார்.

சாலைக்காரர் எழுகிறார். சாலையில் சரிந்த மண் முழுவதும் வெற்றிகரமாக அகற்றப்பட்டது. ஒதுக்கீடு நூற்றுக்கு நூறு செலவானது. பாராட்டு. மண் எங்கிருந்து வந்தது? மேலேயிருந்து. மேலே அவர் இலாகா இல்லை. எங்கே கொட்டினீர்கள்? கீழே. கீழேயும் அவர் இலாகா இல்லை. அவருக்குச் சொந்தம் நடுவிலுள்ள தார் மட்டும்.

வடிகால்காரர் எழுகிறார். ஆற்றைத் தூர் வாரினோம். போன ஆண்டு வாரிய அதே இடம்தான். பழகிய இடமானதால் இம்முறை விரைவாக முடிந்தது. வாரிய மண் கரையிலேயே அழகாகக் குவிக்கப்பட்டுள்ளது. அடுத்த மழை அதைத் திரும்ப ஆற்றில் சேர்த்துவிடும் அல்லவா? சேர்க்கும். அதற்குத்தான் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு கேட்டிருக்கிறோம்.

வேளாண்மைக்காரர் முகத்தில் மலர்ச்சி. தக்காளி ஏறியது, கீரை ஏறியது, பிளாஸ்டிக் கூரை மலையுச்சி வரைக்கும் ஏறியது. கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் மொத்தமாகச் சரிவில் பாய்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர், அடுத்த நாற்காலிக்காரருடையது.

சுற்றுலாக்காரர், வார இறுதியில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராமல் நின்றதை ஊரின் புகழாக எண்ணிச் சொல்கிறார். சுற்றுச்சூழல்காரர், கடிதம் அனுப்பியதாகவும், பதில் வந்ததாகவும், அந்தப் பதிலுக்கு நன்றிக் கடிதம் அனுப்பியதாகவும் தெரிவிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் கீழே எழுத்தர் இரண்டு மலாய்ச் சொற்களைத் தட்டுகிறார்: ‘டிஅம்பில் மக்லும்.’ கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

கடைசியில் தீயணைப்பு மீட்புப் படைக்காரர். அவர் பேச்சு மட்டும் சின்னது. ராத்திரி கூப்பிட்டார்கள், போனோம், தோண்டினோம், எடுத்தோம். அதற்கும் அதே இரண்டு சொற்கள்தான்.

ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை நமக்குத் தெரியும். ஆண்டிகளிடம் காசில்லை, அதனால் மடம் எழவில்லை. யாருக்கும் நட்டமும் இல்லை. இங்கே காசிருக்கிறது. எனவே மடம் ஆண்டுதோறும் எழுகிறது, ஆண்டுதோறும் சரிகிறது, சரிந்ததை அள்ளவும் தனிக் கணக்கு இருக்கிறது.

மலை ஒன்றுதான். அதன் ஒரே சரிவு வேளாண்மைக் கணக்கில் வரவு, வடிகால் கணக்கில் செலவு, சாலைக் கணக்கில் சாதனை, சுற்றுலாக் கணக்கில் புகைப்படம், நிலக் கணக்கில் கட்டணம். இத்தனை ஏட்டிலும் இடம் பிடித்த மலைக்கு ஒரு பொறுப்பாளர் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் ஊரில் ஏட்டுச் சுரைக்காய் சந்தைக்குப் போகிறது, விலை போகிறது, அடுத்த ஆண்டுக்கு விதையும் விடுகிறது.

நிலக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே காய்கறித் தோட்டங்களில் பெரும்பகுதி பல காலம் ஓடியது தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமத்தின் ஆயுள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான். பிறகு புதுப்பிக்க வேண்டும். அப்பன் காலத்தில் தற்காலிகம், மகன் காலத்தில் தற்காலிகம், பேரன் பள்ளிக்கூடம் முடிக்கும்போதும் தற்காலிகம். மலைக்கு மட்டும் இந்தத் தற்காலிகம் புரியவில்லை. அது நிரந்தரமாகச் சரிகிறது.

அடுத்த ஜனவரியில் நிலம் நம் கையில் இருக்குமா என்று தெரியாதவன் படிக்கட்டு வெட்டிக் கல் அடுக்குவானா? சரிவுக்கு வேர் பிடிக்கும் மரம் நடுவானா? மூன்று மாதத்தில் கைக்கு வரும் கீரையைத்தான் போடுவான். மண்ணைப் பேணாதே என்று சட்டம் சொல்லவில்லை. பேணுகிறவன் ஏமாளி என்று மட்டும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. உரிமத்தோடு வெட்டியவன் ஒரு பக்கம், உரிமமே இல்லாமல் வெட்டியவன் மறுபக்கம். மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு.

அதே டிசம்பர் 31-இல்தான் அரசாங்கத்தின் நிதியாண்டும் முடிகிறது. செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனால் அடுத்த ஆண்டு குறைத்துத் தருவார்கள். ஆகவே ஆண்டுக் கடைசியில் இலாகாக்களுக்குச் சுறுசுறுப்பு வரும். நல்ல சாலைக்கு மறுபடி கோடு போடுவார்கள், நல்ல வேலிக்கு மறுபடி சாயம் பூசுவார்கள். மலையில் மழை கொட்டுவதும் ஆண்டின் அந்தக் கடைசிப் பகுதியில்தான். ஒரு பக்கம் பணம் இறங்க, ஒரு பக்கம் மண் இறங்க, இரண்டும் சந்தித்துக்கொள்ளாமலேயே ஆற்றில் போய்ச் சேருகின்றன.

ஆறு எங்கே போகிறது என்று கேட்டால் இன்னும் வேடிக்கை. தெலோம் ஆற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் தேக்குகிறார்கள். 1963-இல் முடிந்த திட்டம். அங்கிருந்து மறுபடி சுரங்கத்தில் இறங்கி, பேராக் பக்கம் மின்சாரமாகிறது. பகாங்கில் பெய்த மழை பேராக்கில் விளக்கெரிக்கிறது. பகாங்கில் சரிந்த மண் ரிங்லெட்டிலேயே தங்கிவிடுகிறது. கம்போங் ராஜாவின் மேல்மண் சுரங்கப் பயணம் செய்து, ஏரியடியில் குடியேறி, ஏரியின் பாதியைத் தின்றுவிட்டது. உரிமம் கேட்காமல், ஆண்டுதோறும் புதுப்பிக்காமல், நிரந்தரக் குடியுரிமை வாங்கியது இந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான்.

2013 அக்டோபர் 23 நள்ளிரவில் மழைநீரை ஏரி தாங்கவில்லை. அணையைக் காக்கத் தண்ணீரைத் திறந்து விட்டார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்த வீடுகளின்மேல் சேற்று வெள்ளம் ஏறியது. வீடுகள் போயின, வண்டிகள் போயின, உயிர்களும் போயின. அணை மட்டும் பத்திரமாக இருந்தது. அறிக்கையில் எழுத அது போதுமே.

அப்போது எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் யார் தெரியுமா? ம.இ.கா. தலைவர் ஜி. பழனிவேல். அந்த ஆண்டு மே மாதம் 462 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். அவர் கையிலிருந்த அமைச்சு? இயற்கை வளமும் சுற்றுச்சூழலும். இதைவிட நல்ல அமைப்பு எந்த மலைக்குக் கிடைக்கும்? வழுக்கும் மலைக்குச் சொந்த வீட்டிலேயே அமைச்சர்! ஆனால் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆவது அட்டவணை நிலத்தை மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. மலையின் காற்று புத்ராஜெயாவுக்கு, மலையின் மண் குவாந்தானுக்கு. கம்போங் ராஜாவுக்கு ஈப்போ பக்கம். குவாந்தானோ கடலோரத்தில், மலைச்சரிவைக் கனவில்கூடக் காணாத தூரத்தில் கிடக்கிறது. அமைச்சர் கையை விரித்தால் சட்டம் அவர் பக்கம். மாநிலம் கையை விரித்தால் பணமில்லை என்பது அவர்கள் பக்கம். எங்கள் பக்கம் சேறு.

மறு ஆண்டும் வெள்ளம் வந்தது. ‘ஓப்ஸ் காடிங்’ என்ற பெயரில் அமலாக்கம் மலையேறியது. காடிங் என்றால் தந்தம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி. இங்கே யானை இறங்கிப் போன பிறகும் மணியோசை மட்டும் ஆண்டுக்கணக்கில் கேட்டது. கடும் நடவடிக்கை எடுக்கப்படும், எடுக்கப்படுகிறது, எடுக்கப்பட்டுவிட்டது. இலக்கணத்தில் உள்ள எல்லாக் காலத்திலும் நடவடிக்கை எடுத்தாயிற்று. மொட்டையடித்த சரிவுகளில் பிளாஸ்டிக் திரும்ப முளைத்தது.

இப்போது அந்த மீட்புப் படைக்காரரின் சின்னப் பேச்சுக்கு வருவோம்.

2024 ஜனவரி 26. தைப்பூசத்துக்கு மறுநாள். விடிய இன்னும் நெடுநேரம் இருந்தது. கம்போங் ராஜாவின் புளூ வேலியில் தொழிலாளர்கள் தூங்கிய வீட்டின்மேல் சரிவு இறங்கியது. மியன்மாரிலிருந்து பிழைக்க வந்த ஐந்து பேர் உள்ளேயே புதைந்தார்கள். நாம் சமைக்கிற கோஸும் கீரையும் அப்படிப்பட்ட கைகள் பறித்தவைதான். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 2022 டிசம்பர் 16-இல், பத்தாங் காலியில் கூடாரங்களின்மேல் மண் இறங்கி 31 உயிர்கள் போயிருந்தன. அதற்கும் முன்னே, 1993-இல், ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாய்ந்து 48 பேர். ஒவ்வொரு முறையும் நாடு அதிர்ந்தது, ஒவ்வொரு முறையும் சரிவுகளை ஆராய உத்தரவு பிறந்தது. ஆராய்ச்சிக்கும் மண்ணுக்கும் ஓட்டப் பந்தயம் வைத்தால் மண்தான் ஜெயிக்கிறது; அதற்குக் கோப்பு அனுப்பும் வேலை இல்லை.

அந்த ஐந்து பேர் எந்த இலாகாவின் கணக்கில் வந்தார்கள்? சாலையில் சாகவில்லை, ஆகவே சாலைக்காரர் கணக்கில் இல்லை. ஆற்றில் சாகவில்லை. சுற்றுலா வரவில்லை. வாக்காளர்களும் இல்லை. காய்கறி விளைச்சலில் மட்டும் அவர்கள் இருந்தார்கள், கிலோ கணக்கில்.

‘தொழிலாளர் வீட்டுக்குச் சட்டமில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. தொழிலாளர் வீடமைப்புக்கும் வசதிகளுக்குமான குறைந்தபட்சத் தரச் சட்டம், 1990. அதை 2019-இல் திருத்தி விரிவாக்கவும் செய்தார்கள். நல்ல சட்டம். சட்டம் புத்தகத்தில் இருந்தது, வீடு சரிவில் இருந்தது.

தோட்டத்துத் தமிழர்களான நமக்கு இந்த ‘எங்கள் இலாகா இல்லை’ புதிய பாட்டல்ல. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலையைத் தொடங்கிய காலந்தொட்டுக் கேமரன் மலைக்குப் பச்சைப் போர்வை நெய்தவை நம்மவர் விரல்கள். லயத்து வாய்க்கால் அடைத்தால் யாரிடம் போவது? ‘தோட்டம் தனியார் நிலம், பொதுப்பணத்தைப் போட முடியாது’ என்பார் அதிகாரி. ‘சாலை, பள்ளி, வாய்க்காலெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது’ என்பார் தோட்ட நிர்வாகி. தோட்டத்து நிலத்தில் நிற்பதால் தமிழ்ப்பள்ளிக்குப் பாதி மானியம். முழு மானியம் வேண்டுமானால் நிலம் வேண்டும். நிலமோ தோட்டத்தின் கையில். அதே லயத்துக்குத் தேர்தல் நேரத்தில் வண்டி ஏறி வருகிறது. அரிசி மூட்டை ஏறி வருகிறது. அப்போது மட்டும் அது தனியார் நிலம் என்பது எந்த வேட்பாளருக்கும் ஞாபகம் வருவதில்லை.

தேர்தல் என்றதும் நினைவுக்கு வருகிறது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதற்காக 2018 நவம்பரில் நீதிமன்றம் தேர்தல் முடிவையே ரத்து செய்த தொகுதி எங்களுடையது. 2019 ஜனவரி 26-இல் இடைத்தேர்தல் நடந்தது. தேதியைக் கவனியுங்கள். புளூ வேலி சரிந்ததற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், நாள்கூடத் தவறாமல். அன்றைக்குத் தேசியத் தலைவர்கள் எல்லாரும் இந்த மலையில் ஏறி நின்றார்கள். அத்தனை கனத்தையும் தாங்கிய மலை இது. அதன் பொறுமையைக் குறை சொல்லாதீர்கள்.

நாடாளுமன்றத்துக்காவது வாக்கிருக்கிறது. வாய்க்காலுக்கு இல்லை. மாவட்ட மன்றத்தில் உட்காருகிறவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். இந்தோனேசியாவோடு மோதல் என்று காரணம் காட்டி 1965-இல் நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தலை ‘நிறுத்தி வைத்தார்கள்’. மோதல் மறு ஆண்டே முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை, 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதற்குக் குழியே வெட்டிவிட்டது. பார்த்தீர்களா, இந்த நாட்டில் எது தற்காலிகமோ அது சாவதில்லை. உரிமமும் சரி, நிறுத்தி வைத்த தேர்தலும் சரி.

உள்ளாட்சி மன்றங்களை ஆராய அரசாங்கமே ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தது. தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தது. தேர்ந்தெடுத்த மன்றமே வேண்டும், மக்களுக்குக் கணக்குச் சொல்லும் மன்றமே வேண்டும் என்றது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அறிக்கைக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? டிஅம்பில் மக்லும்.

வாக்கில்லாதவனுக்கு எதற்குக் கணக்கு? அந்த அறையில் இலாகாத் தலைவர் கூட்டத் தலைவருக்குச் சொல்கிறார், கூட்டத் தலைவர் குவாந்தானுக்குச் சொல்கிறார், குவாந்தான் புத்ராஜெயாவிடம் கை நீட்டுகிறது. கணக்கு முழுக்க மேல்நோக்கி ஏறுகிறது. மண் முழுக்கக் கீழ்நோக்கி இறங்குகிறது. 2025-க்குக் கூட்டரசு போட்ட பட்ஜெட் 421 பில்லியன் வெள்ளி. அவ்வளவு பெரிய எண்ணில் ஒரு லயத்து வாய்க்கால் எங்கே இருக்கும் என்று தேட, பூதக்கண்ணாடிக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும்.

போன மாதம் கம்போங் ராஜா கடையில் ஒரு பெரியம்மாவைப் பார்த்தேன். கையால் கொழுந்து கிள்ளிய காலத்தில் சேர்ந்து, கத்திரி வந்து, மெஷின் வந்து, இடுப்பு போய் ஓய்ந்தவர். இலாகாத் தலைவர்கள் கூட்டத்தைப் பற்றி என் கற்பனையை அவருக்கு அவிழ்த்துவிட்டேன். நூற்றுக்கு நூறு செலவு என்ற இடத்தில் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“தம்பி, எங்க கூடைய எப்படி நிறுப்பாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?”

“சொல்லுங்க பெரியம்மா.”

“தராசுல வச்சதும் கூடைக் கனத்தக் கழிப்பாரு கிராணி. மழையில கிள்ளுன கொழுந்துன்னா தண்ணிக்கின்னு தனியாக் கழிப்பாரு. முத்தின எல இருந்தா அத எடுத்து வீசிட்டு நிறுப்பாரு. கடைசில மிஞ்சறதுக்குத்தான் சம்பளம். ஒரு நாளாச்சும், ‘நான் மல ஏறுனேன், எறங்குனேன், நூத்துக்கு நூறு நடந்தேன், காசக் குடுங்க’ன்னு கேட்டிருப்போமா?”

நான் பேசவில்லை.

“இவங்களுக்குத் தராசே இல்லையா தம்பி?”

அதுதான் பெரியம்மா விஷயம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னதை இவர்கள் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறார்கள். போட்ட பணத்தை அளந்தார்கள், வாரிய மண்ணை லாரி லாரியாக அளந்தார்கள், அனுப்பிய கடிதத்தை எண்ணினார்கள். போன ஆண்டைவிட இந்த ஆண்டு தெலோமில் எவ்வளவு மண் குறைந்தது, எத்தனை சரிவு இனி சரியாது, எத்தனை பேர் சரிவுக்கடியிலிருந்து வேறிடம் போனார்கள் என்று அளக்க மட்டும் அந்த மேசையில் ஒரு கட்டம் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, ஒரு கொழுந்துத் தராசை அந்த அறையில் தொங்கவிடுங்கள். வாசிக்கிற ஒவ்வோர் அறிக்கையையும் அதில் வையுங்கள். விளிப்புகளைக் கழியுங்கள். கறிபாப்பைக் கழியுங்கள். ‘அகற்றப்பட்டது, குவிக்கப்பட்டது, அனுப்பப்பட்டது’ எல்லாம் முத்தின இலை, எடுத்து வீசுங்கள். பிறகு தண்ணீருக்குக் கழியுங்கள். அதுதான் நிறைய இருக்கும்.

மிஞ்சுவதற்குச் சம்பளம் கொடுங்கள். எதுவும் மிஞ்சாவிட்டால், பதறாதீர்கள். எங்கள் லயத்தில் தகரத் துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது, வாசலில் சேறும் இருக்கிறது.